நினைவுச் சின்னத்துக்கு வெளியே நின்றவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களுக்கானது. ஜூலை 14 வந்தால் மலர்வளையம், அலங்கார விளக்குகள் எல்லாம் உண்டு. சரி, அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் காத்திருந்தவர்களுக்கு?

இரண்டாம் உலகப்போரின்போது, 1940 செப்டம்பரில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, ஜெர்மனிக்குப் பணிய மறுத்த பிரெஞ்சுத் தளபதி டி கோலின் பக்கம் சேர்ந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றது. கடலூர் முதுநகரில் வளர்ந்த என் பாட்டி குருணைக் கஞ்சியையும், விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியதையும் சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்ன பேச்சு கேட்காத பேரன்களை ‘எம்டன்’ என்றுதான் திட்டுவார். 1914இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல், எங்கள் வீட்டில் வசவாக மிஞ்சியது!

தொண்ணூறைத் தாண்டிய சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவுகளையும், வீரர்களின் குடும்பங்களில் கிடக்கும் கடிதங்கள், பென்ஷன் புத்தகங்களையும் தங்கள் நாளிதழ் வாரம் ஒரு பத்தியாக வெளியிடலாமே. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த அஞ்சலட்டைகளைக் கரையான் தின்ற பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி