பட்ஜெட்டுக்குக் கை தூக்கும் முன் முகாம் கணக்கைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் வந்தால் மலேசியாவில் பட்ஜெட். இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ராவுக்கு எவ்வளவு, தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். உள்துறை அமைச்சுக்குப் போகும் பணத்தை நம்மில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. குடிநுழைவுத் துறையின் சோதனைகள், ஆட்களை ஏற்றிப் போகும் லாரிகள், தடுப்பு முகாம்கள் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அந்த ஒதுக்கீட்டை இந்த முறை நிபந்தனை இல்லாமல் நிறைவேற்றாதீர்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தை அமல்படுத்தவே கூடாது என்று வாதாட வரவில்லை. வேலை பெர்மிட் இல்லாத வெளிநாட்டு ஆளைப் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை வேலைக்கு எடுக்காத முதலாளிகளை எனக்கும் தெரியும். சோதனை நடக்கட்டும். ஆனால் கோயில் ஆண்டுக் கூட்டத்தில் வாழைமரம் வாங்கிய இருநூறு ரிங்கிட்டுக்கு பில் எங்கே என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிற நாம், மனிதர்களைப் பூட்டி வைக்கச் செலவாகும் பணத்துக்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

என் மச்சான் செபராங் ஜெயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் ரொட்டி போட்ட மாஸ்டர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். பெர்மிட் புதுப்பிக்கப் பணம் கட்டியாகிவிட்டது. பாஸ்போர்ட் ஏஜெண்டு கையில் இருந்தது. இரவுச் சோதனையில் மாஸ்டர் போனில் இருந்த படத்தைக் காட்டினார். அசல் எங்கே என்று கேட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த முகாமில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவர் சர்க்கரை நோயாளி. மெட்ஃபார்மின் அட்டைகளையும் கிளினிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

முன்வாசல் கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் கேட்டு, ஏதோ ஒரு பழைய பாரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு மருந்தை வாங்கி மேசைக்கடியில் வைத்தார். பழக்க தோஷம், ரசீது கேட்டேன். "தாக் பாயா, பாச்சிக்" (அதெல்லாம் வேண்டாம், பெரியவரே) என்று சிரித்தார். ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மாஸ்டர் போனில் சொன்னார்: அந்த மருந்து அவர் கைக்கு வரவே இல்லை. காலை நீட்டிப் படுக்க இடமில்லை, உடம்பெல்லாம் சொறி என்றும் சொன்னார். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மேசையில் ஒரு பதிவுப் புத்தகம்கூட இல்லை. உள்ளே போகும் மருந்துக்குப் பதிவு வேண்டும் என்று அவரிடம் கேட்க மேலே யாரும் இல்லை.

ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து நாட்டையே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். 2022-இல் மட்டும் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் 150 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் பிள்ளைகள். உள்துறை அமைச்சே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த பதில் இது. போலீஸ் காவலிலோ சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், போலீஸ் காவல் மரணம் என்றால் அவர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும், மற்றவற்றில் தேவை என்று கருதினால் நடத்தலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவு. குடிநுழைவு முகாம் என்று அந்தப் பிரிவில் பெயர் சொல்லி இல்லை. போலீஸ் காவலில் இறந்த இளைஞர் குகனுக்காக 2009-இல் தெருவில் இறங்கிய சமூகம் நாம். இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உள்ளே போய்ப் பார்க்கத்தான் யாரால் முடிகிறது? ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு 2019 ஆகஸ்டு முதல் முகாம்களின் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் போகலாம், ஆனால் அந்தந்த இடத்தின் விதிமுறைப்படிதான். திடீரென்று போய் நின்றுவிட முடியாது. வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரும் ஆடிட்டருக்கு எப்படிப்பட்ட பைல் காட்டப்படும் என்பது முன்னாள் கிராணிக்குத் தெரியும். அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம் 2011 முதல் இருக்கிறது, குடிநுழைவுத் துறையும் அதன் வரம்புக்குள் வருகிறது. ஆனால் அது பரிந்துரைதான் செய்யும், தண்டிக்க முடியாது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க 2005-இல் அரச ஆணையம் கேட்ட பல்லுள்ள அமைப்பே தேய்ந்து 2023-இல் வேறு உருவத்தில்தான் வந்தது. குடிநுழைவுத் துறைக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை.

முகாம்களைப் பற்றி வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் மறந்துபோகக் கூடாது. தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் 1995-இல் முகாம்களின் நிலையை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். 2003-இல் ஓராண்டுச் சிறை. மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது 2008-இல்.

பணம் போதாததால்தான் இப்படி என்று அமைச்சு சொல்லும். பாதி உண்மை. 2022 ஏப்ரலில் நம் பக்கத்திலேயே, சுங்கை பக்காப் தற்காலிக முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆறு பேர் அடிபட்டுச் செத்தார்கள், பிள்ளைகளும் உட்பட. ஆள் பற்றாக்குறை, இட நெருக்கடி என்றார்கள். 2024 பிப்ரவரியில் பீடோர் தற்காலிக முகாமிலிருந்து 131 பேர் ஓடினார்கள். பணம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பிள்ளைகளைத் தனியே வைக்க 2023-இல் நீலாயில் பைத்துல் மஹப்பா திறந்தார்கள். முகாமுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் தடுப்பு இடம்தான், அங்கும் யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்வி இருக்கிறது.

அமெரிக்காவில் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் தடுப்பு முகாம்களுக்கு மட்டும் 45 பில்லியன் டாலர் ஒதுக்கியது. 2026 தொடக்கத்தில் அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள், குடிநுழைவு அதிகாரிகள் முகமூடியைக் கழற்ற வேண்டும், உடலில் கேமரா மாட்ட வேண்டும், இல்லையென்றால் பணத்துக்கு ஓட்டு இல்லை என்று மல்லுக்கு நின்றார்கள். ஜெயித்தார்களோ இல்லையோ, கேட்டார்கள்.

நம் மக்களவையிலும் வழி இருக்கிறது. பட்ஜெட் செயற்குழு நிலையில் அமைச்சு அமைச்சாக விவாதத்துக்கு வரும்போது, நிலையான விதி 66(9)-இன் கீழ் அமைச்சரின் சம்பளத்தில் 10 ரிங்கிட்டைக் குறைக்க எந்த உறுப்பினரும் தீர்மானம் கொடுக்கலாம். பத்து ரிங்கிட் யாருக்கும் பெரிதல்ல. அந்த அமைச்சின் கொள்கையைப் பிடித்து உலுக்க அதுதான் வாசல். எதிர்க்கட்சிதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. அரசாங்கப் பக்கம் இருப்பவர்கள் அதைக்கூடச் செய்யாமல், அமைச்சரைத் தனியே பார்த்துப் பேசியாவது உறுதிமொழி வாங்கலாம்: சுஹாகாம் முன்னறிவிப்பில்லாமல் நுழையலாம், முகாமில் நேரும் ஒவ்வொரு மரணமும் மாஜிஸ்திரேட்டிடம் போகும், உள்ளே இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பத்துக்கு எழுத்தில் சொல்லப்படும். புதிய முகாமுக்கான பணம் இந்த மூன்றுக்கும் பிறகு. குடிமகனைப் பிடித்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபடும் அந்நியருக்கு 14 நாள் வரை நீட்ட அரசியலமைப்பே இடம் கொடுக்கிறது. தோட்டத்தில் பிறந்து சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இல்லாமல் வளர்ந்த நம்மவர் ஒருவர், தான் இந்த நாட்டுக்காரன் என்று அந்த லாரியில் வைத்து எப்படி நிரூபிப்பார்?

பினாங்கிலிருந்து 13 பேர் மக்களவைக்குப் போகிறார்கள். இந்த ஒதுக்கீடு வாக்கெடுப்புக்கு வரும் முன், அவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, நிபந்தனை கேட்பீர்களா மாட்டீர்களா என்று தங்கள் நிருபர் கேட்டு, பதிலைப் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன். பதில் சொல்லாதவர்களின் பெயரையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராணி,
பட்டர்வொர்த்