மலிவு மீனுக்கும் ஐஸ் வேண்டும்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிப்பவன். என் தந்தையாருக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியபோது, வாரம் இரண்டு முறை மீன் சேர்த்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறினார். நல்ல மீன் என்றால் வஞ்சிரம்தான் என்று நம்பி, கைக்கு மீறிய விலையில் இரண்டு துண்டு வாங்கி, அதையும் எண்ணெயில் பொரித்துக் கொடுத்து வந்தோம். தெருவில் மீன் விற்கும் அம்மாதான், "எதுக்குப்பா அவ்ளோ காசு? கானாங்கெளுத்தி வாங்கிக் கொழம்பு வை" என்று திருத்தினார். அவர் சொன்னதே சரி. இதயத்துக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தாராளமாக இருக்கிறது.

ஆனால் இந்த மீன்கள்தாம் மிக விரைவில் கெடுகின்றன. விடிவதற்குள் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்த கூடை, கொருக்குப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் போய்த் தெருவோரத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை வெறும் ஈரச் சாக்கின் கீழ் கிடக்கிறது. ஒருநாள் நான் வாங்கிய மத்தியை அலசும்போது விரல் பட்டதுமே வயிறு பிய்ந்தது. செவுளில் சிவப்பே இல்லை. இவ்வகை மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. விற்ற அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கூறு மத்தியில் அவருக்குக் கிடைக்கும் லாபத்தில் ஐஸுக்கு எங்கே போவார்?

ஆகவே, தலைச்சுமையாகவும் தள்ளுவண்டியிலும் மீன் விற்கும் பெண்களுக்குக் குளிர்காப்புப் பெட்டியும், ஏலம் முடியும் நேரத்தில் துறைமுகத்திலேயே மானிய விலையில் ஐஸும் வழங்குமாறு வேண்டுகிறேன். வஞ்சிரத்துக்குக் கிடைக்கும் ஐஸ் மத்திக்கும் கிடைக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் மீன் விலை ஏறிவிடுவதால் பல வீடுகள் கருவாட்டுக்கு மாறுகின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரையாக இருக்க, ரத்தக் கொதிப்பு உள்ளவருக்குக் கருவாடு எப்படி ஒத்துவரும்? அந்நாட்களில் தடைக்கு உட்படாத சிறு ஃபைபர் படகுகள் கொண்டுவரும் சிறு மீன்களில் ஒரு பங்கையாவது நியாய விலையில், அரைக் கிலோவாக நிறுத்து, எங்கள் பகுதிகளில் வண்டி மூலம் விற்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஆண்டுத் தடைக்காலம் தொடங்கும் முன்பே இதற்கான ஆணை வருமாயின் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்