தம்பி, கணக்கு எழுதுகிறாயா?

தம்பிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், நீ எப்படி இருக்கிறாய்? போனில் பேசலாம் என்றால் உங்க அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் நோட்டில் எழுதிக் கிழித்து, சாத்தூர் சேவு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேவை ரூமில் எல்லாருக்கும் கொடு, இதை மட்டும் தனியாக உட்கார்ந்து படி.

அக்கா பிள்ளைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது. மழையில் விழுந்த தெற்குச் சுவரை இன்னும் எடுத்துக் கட்டவில்லை. ஊரில் வேறு விசேஷம் இல்லை.

சரி, கணக்கு எழுதுகிறாயா? நீ கிளம்பும்போது நீல அட்டை நோட்டு ஒன்று பையில் வைத்தேன். போனிலேயே எல்லாம் இருக்கிறது, எதற்கு எழுத வேண்டும் என்றாய். போனில் இருக்கிறதுதான், ஆனால் அது காசு போன பிறகு காட்டுகிற கணக்கு. 15 ரூபாய், 20 ரூபாய் என்று ஸ்கேன் பண்ணும்போது கையிலிருந்து எதுவும் போன மாதிரியே தெரிவதில்லை. நீ மட்டுமா, நானே காய் வண்டிக்காரரிடம் ஸ்கேன் பண்ணினால் பத்து ரூபாய்க்குக் கூடத்தான் வாங்குகிறேன். தாளாக எடுத்துக் கொடுத்தால் மனசு கொஞ்சம் யோசிக்கிறது.

உன் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்ததால் காலேஜ் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசாங்கம் கட்டுகிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தமிழ்ப் புதல்வன் பணம் மாசம் 1000 உன் கணக்குக்கே வருகிறது. நீ சேர்ந்த அதே 2024 ஆகஸ்டில்தான், உன் கோயம்புத்தூரில் வைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். டிவியில் பார்த்து நான் அழுததை அக்கா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நம் தெருவில் இன்ஜினியரிங் போன முதல் பிள்ளை நீ. நான் போடுவது 1500, ஆக மொத்தம் 2500. ரீசார்ஜை முதலில் எடுத்து வை. அது 28 நாளுக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு தடவை இல்லை, வருஷத்துக்கு 13 தடவை வரும். அதற்கு 300. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுக்கு 300. ஊருக்கு வர பஸ் காசு 500 தொடக் கூடாது, சிங்காநல்லூரில் நின்றுகொண்டு யாரிடமும் கேட்கிற நிலைமை வேண்டாம். மீதி 1400, வாரத்துக்கு 350, ஒரு நாளைக்கு 50. இரண்டு டீ, ஒரு பப்ஸ், அவ்வளவுதான் அந்த 50. ஒருவன் பிறந்தநாளுக்கு கேக்குக்குப் பங்கு 150 என்றால் மூன்று நாள் டீ இல்லை. அதைத்தான் எழுது என்கிறேன். எழுதினால் எந்த இடத்தில் ஓட்டை என்று உனக்கே தெரியும். திங்கள்கிழமை 350 ரூபாயைத் தாளாக எடுத்துப் பர்சில் வைத்துக்கொள், அது தீர்ந்தால் அந்த வாரம் தீர்ந்தது.

ஆப்பில் பிரியாணி வரவழைக்கிறீர்களாமே, அக்கா ஸ்டேட்டஸில் பார்த்தாள். சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன்னைச் சேர்த்துவிட வந்த அன்று நானும் உங்க அப்பாவும் அம்மா உணவகத்தில்தான் சாப்பிட்டோம். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரண்டு பேருக்கும் 16 ரூபாயில் வயிறு நிறைந்தது. உன்னை மட்டும் ஓட்டலில் உட்கார வைத்தோம். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

கணக்கு எழுது தம்பி.

முன்னெல்லாம் மாசம் இருபதாம் தேதி ஆனால் போன் வரும், "அம்மா ஒரு 200 போட்டு விடு" என்பாய். நான் எரிந்து விழுவேன், ஒரு லைனிங் பிளவுஸ் தைத்தால் எனக்கு எவ்வளவு நிற்கிறது தெரியுமா என்பேன். இப்போது இரண்டு மாசமாக நீ கேட்கவே இல்லை. உங்க அப்பா, பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு நீ கேட்ட நாளெல்லாம் தூக்கம் வந்தது, இப்போதுதான் வரவில்லை.

மேலத் தெருவில் மில்லுக்குப் போகிற பையன் போனில் கடன் எடுத்தானே, நீ தீபாவளிக்கு வந்தபோது பேசிக்கொண்டோம். 5000 என்று காட்டி 3000 சொச்சம்தான் கையில் வந்ததாம், ஏழாம் நாள் 5000 கட்டு என்றார்களாம். கட்ட முடியாதபோது அவன் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் அசிங்கமாகப் பேசியிருக்கிறார்கள், அவன் மாமியார் வரைக்கும். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த பேங்க் மேடம் சொன்னார்கள், 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது, கடன் கொடுக்கிற ஆப் போனில் இருக்கிற நம்பர்களை எடுக்கவே கூடாது, வட்டியும் பிடித்தமும் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று. மிரட்டினால் சைபர் கிரைம் நம்பர் 1930-க்குப் போன் போடச் சொன்னார்கள். எழுதி வைத்துக்கொள். உனக்காகச் சொல்லவில்லை, ரூமில் யாருக்காவது ஆகும்.

தீபாவளி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா பிள்ளையை நீ தூக்கி வைத்திருக்கிற போட்டோ. மோதிரம் கையில் இல்லை. கேட்டதற்கு, ரூமில் கழற்றி வைத்திருக்கிறேன் என்றாய். சரி என்றுவிட்டேன். தாத்தா கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுச் செய்து போட்ட அரைப் பவுன் அது, அவரும் கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் தம்பி. பாதி எழுதிய பிறகு கை ஓடவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன் செயினை நீ தொலைக்கவில்லை. அம்மாச்சி போட்ட ஒரு பவுன் செயின். 2019-ல் நான்தான் அடகு வைத்தேன், 15000 ரூபாய்க்கு, இரண்டு வட்டி, மாசம் 300. எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒரு பெரிய செலவுகூட இல்லை. மொய் 500, தவணைச் சேலை, பலகாரச் சீட்டு, யார் வீட்டு விசேஷத்துக்கோ வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு தட்டு. நான் எதையும் எழுதி வைக்கவில்லை, அது எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. மறு வருஷம் லாக்டவுன், கல்யாணம் இல்லை, பிளவுஸ் இல்லை, வட்டி கட்டவில்லை. 2021-ல் போய்க் கேட்டபோது நகை மூழ்கிவிட்டது என்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்து பவுன் வரைக்கும் தள்ளுபடி என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. நான் யாருக்கும் தெரியக் கூடாது என்று அடகுக் கடையில் வைத்ததால் எனக்கு அதுவும் இல்லை.

உங்க அப்பா, இவன்தான் கண்மாயில் குளிக்கப் போகும்போது போட்டுக்கொண்டு போய்த் தொலைத்திருப்பான் என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் உன்னை அடித்தபோது நீ என் முகத்தைப் பார்த்து, "நான் போட்டுட்டே போகலைம்மா" என்றாய். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். பத்தாவது படிக்கிற பிள்ளை நீ. அதற்கு அப்புறம்தான் நான் கணக்கு எழுத ஆரம்பித்தேன், தையல் மிஷின் டிராயரில் இருக்கிற அந்த நோட்டு அப்போது தொடங்கியதுதான்.

மோதிரம் அடகில் இருந்தால் சொல். எதற்கு என்று இப்போது கேட்க மாட்டேன். ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு, தேதியும் வட்டியும் தெரிய வேண்டும். குழுவில் அடுத்த மாசம் என் முறை, 10000 வரும். அதுவரைக்கும் வட்டியை மட்டும் விடாமல் கட்டுவோம், வட்டி நின்றால்தான் மூழ்கும். 1500 போதவில்லை என்றால் அதையும் சொல், 2000 ஆக்க முடியுமா என்று பார்க்கிறேன். போனில் கடன் எடுத்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், எந்த ஆப், எவ்வளவு, எந்தத் தேதி. எதுவுமே இல்லை, மோதிரம் பெட்டியில்தான் இருக்கிறது என்றால் அதைக் கையில் போட்டு ஒரு போட்டோ அனுப்பு.

செயின் விஷயத்தைப் பொங்கலுக்கு நீ வந்திருக்கும்போது உங்க அப்பாவிடம் சொல்கிறேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும், உன் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

டப்பாவைக் கழுவி எடுத்து வா, அது சித்தி வீட்டு டப்பா.

அம்மா