வெளிநாட்டில் குடியேறும் முன் பட்டாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகளோடு வெளிநாட்டிலேயே தங்கிவிடும் டெல்டாக்காரர்கள் பலர், இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான சாதாரண ரூபாய்க் கணக்காக) மாற்றுவதில்லை. குத்தகைப் பணத்தையும் ஓய்வூதியத்தையும் அதில் வரவு வைக்கலாம்.

நிலம்தான் பெரிய சிக்கல். இருக்கும் நஞ்சையை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு குழிகூட விலைக்கு வாங்க முடியாது. விற்றாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான். அங்கிருந்து தம்பிக்கு பவர் எழுதி அனுப்பினால் தூதரகச் சான்றொப்பமோ அங்குள்ள நோட்டரியின் சான்றொப்பமோ வேண்டும். பத்திரம் இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டவேண்டும். பலர் வீட்டில் அது கூரியர் உறையோடு பீரோவில் கிடக்கிறது. கிரயத்தன்று சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார்.

கூட்டுப்பட்டா என்றால் இன்னும் இழுபறி. விமானச் சீட்டு எடுக்குமுன் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுங்கள்.

- வாசகர், மன்னார்குடி