பட்டன் பட்டனாகத் தெரியட்டும்

தமிழில் செயலி வெளியிடும் வங்கிகள், அரசுத் துறைகள், நிறுவனங்களில் திரைகளை வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் வயதானவர்களுக்குப் போனில் ஏதாவது சிக்கல் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதுல எதைத் தொடணும்?"

அண்மையில் பார்த்த ஒரு வங்கிச் செயலியைச் சொல்கிறேன். பணம் அனுப்பும் திரை. ஓடிபி வரவில்லை. கீழே 'மீண்டும் அனுப்பு' என்று வெளிர் சாம்பலில் இரண்டே சொற்கள், கட்டமில்லை, கோடில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை ஏதோ குறிப்பு என்று நினைத்துக் காத்திருந்தார். நேரம் முடிந்து செயலி அவரை வெளியேற்றிவிட்டது. அதே திரையில் 'பாதுகாப்பான பரிவர்த்தனை' என்று ஒரு பச்சைக் கட்டம். அதைத்தான் அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். அது வெறும் அலங்காரம், தொட்டால் ஒன்றும் நடக்காது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கட்டம் போட்டு நிறம் அடித்திருந்தால் அழுத்தலாம் என்று இத்தனை வருடம் பழகியவர் அவர்.

விண்டோஸ் 95 காலத்தில் பட்டன் ஓரத்தில் நிழலோடு மேடாக நிற்கும், அழுத்தினால் உள்ளே போகும். 2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7 என்று வரிசையாகத் திரை வடிவமைப்புகள் நிழலும் மேடும் இல்லாமல் தட்டையாகின. ஐஓஎஸ் 7இல் பல பட்டன்கள் வெறும் நிற எழுத்தாகவே நின்றன. அடுத்த ஆண்டே 7.1 பதிப்பில், பட்டன்களுக்கு வடிவம் காட்டும் ஒரு விருப்பத்தை ஆப்பிள் அமைப்புகளுக்குள் சேர்த்தது. ஆனால் அந்த விருப்பம் யாருக்குத் தேவையோ, அவர்களால் அமைப்புகளுக்குள் போய் அதைத் தேடிப்பிடிக்க முடியாது. முதல் முறை திறக்கும்போதே பட்டன் தெரிய வேண்டும்.

தமிழில் இது இன்னும் மோசம். செயலித் திரைகளுக்கான கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் டிசைன் 2014இல் வந்தபோது, கட்டமில்லாத பட்டன்களின் எழுத்தை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டது. ஆங்கிலம் படிப்பவருக்கு அது ஓரளவு அடையாளம். தமிழுக்கு ஏது பெரிய எழுத்து? மொழியை மாற்றியதும் அந்த அடையாளம் போய்விடுகிறது. 'ரத்து செய்' என்பது மேலே உள்ள வாக்கியத்தின் தொடர்ச்சி மாதிரி கிடக்கிறது. அடிக்கோடு போட்டால் மு, கு, ழு போன்றவற்றில் கீழே இறங்கும் சுழியை அது வெட்டுகிறது. அதனால் தமிழ்த் திரையில் பட்டனுக்கு நிறம் நிரப்பிய கட்டமோ, அழுத்தமான எல்லைக்கோடோ கட்டாயம் வேண்டும். அழுத்த முடியாத எதற்கும் அந்தக் கட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறை 2018இல் வெளியானது. பட்டன் போன்ற ஒன்றை அடையாளம் காட்டும் கோடும் வடிவமும் பின்னணியிலிருந்து குறைந்தது 3:1 ஒளி வேறுபாட்டில் தெரிய வேண்டும் என்கிறது அது. ஆனால் எல்லைக்கோடு கட்டாயம் என்று அது சொல்லவில்லை. அதாவது, நெறிமுறையில் தேறிய பிறகும் உங்கள் பட்டன் கண்ணில் படாமல் போகலாம். பார்வையற்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நிரலில் அது பட்டன் என்று குறிக்கப்படவில்லை என்றால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக் சொற்களை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடும். இணைய, மின்னணு சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், தமிழ்த் திரைகளைக் கருப்பு வெள்ளையில் அச்செடுங்கள். அறுபது வயது தாண்டிய, உங்கள் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத நாலைந்து பேரிடம் கொடுத்து, தொட வேண்டியதையெல்லாம் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டாம். அவர்கள் விட்டதையும் தவறாக வட்டமிட்டதையும் மாற்றிய பிறகு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செயலிகளைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்