ரோமில் பாட்டில் தண்ணீர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். ரோமில் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று எங்களை மிரட்டிய பயண ஏற்பாட்டாளர், வண்டியிலேயே பாட்டிலும் விற்றார். வியாபாரம், வேறென்ன! அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். 1874 முதல் வந்த ‘நசோனி’ என்னும் தெருக்குழாய்கள் 2,000-க்கும் மேல் உண்டு. காசு கிடையாது. குழாயின் வளைந்த மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியே தண்ணீர் பீய்ச்சி வாய்க்கு நேராக வரும். முதலில் சட்டைதான் குடித்தது! அப்புறம் பழகிவிட்டது. இந்தத் தண்ணீரைக் காய்ச்சும் கெட்டிலில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, பயம் வேண்டாம். ‘நோன் பொத்தாபிலே’ (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருக்கும் குழாயில் மட்டும் குடிக்காதீர்கள். ரயில் கழிப்பறைகளில் அதைப் பார்க்கலாம். பயணச் சீட்டோடு இந்த விவரத்தையும் ஏற்பாட்டாளர்கள் அச்சடித்துத் தரட்டும்.

– ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணியாளர், மதுரை