சேஃப்டி கோர்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்ததா?

சிங்கப்பூர்க் கட்டுமான நிறுவன முதலாளிகளுக்கு,

வணக்கம். பன்னிரண்டு வருடமாக இங்கே டைல்ஸ் ஒட்டுகிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே வேலைக்கு வருவதற்கான ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்து வந்தவன்.

கட்டுமான வேலைக்காரர்கள் கட்டாயம் பாஸ் செய்ய வேண்டிய சேஃப்டி கோர்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2022-இல் மட்டும் இந்த நாட்டில் வேலையிடங்களில் 46 பேர் செத்தார்கள். ஆறு வருட அனுபவம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பாஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேலை பெர்மிட் கிடையாது என்கிறார்கள். சரி, உயிர் எங்களுடையதுதானே.

என் வருத்தம் வேறு. கடைசியாக நான் போனது ஒரு ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை ஓவர்டைம் பார்த்துவிட்டு, காலை ஆறரைக்கு டார்மிட்டரியிலிருந்து கிளம்பினேன். வகுப்பில் ஏசி வேறு. பக்கத்தில் இருந்த மன்னார்குடி அண்ணன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். உயரத்திலிருந்து விழாமல் காக்கும் ஹார்னஸ் வாரை மாட்டிக் காட்டச் சொன்னதும் எழுந்து, கண்ணை முழுசாகத் திறக்காமலேயே கால் வாரையும் நெஞ்சு வாரையும் கச்சிதமாக மாட்டினார். பத்தொன்பது வருடம் மாட்டிய கை! ஆனால் எழுத்துத் தேர்வில் தடுமாறிப்போனார். கேள்வி தமிழில்தான் இருந்தது. வெளியே வந்ததும், “சாரக்கட்டுன்னா என்ன தம்பி?” என்று கேட்டார். ஊரில் நாங்கள் சாரம் என்போம், இங்கே ஸ்காஃபோல்ட். தாளில் இரண்டும் இல்லை.

அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் கோர்ஸ் காசைப் பிடித்திருந்தார்கள். ஞாயிறும் போச்சு, காசும் போச்சு.

எல்லா முதலாளியும் அப்படியில்லை. என் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனியில் வேலை நாளில்தான் அனுப்புகிறார்கள், அன்றைய சம்பளமும் உண்டு, லாரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்கள் ஒன்றும் நொடித்துப்போகவில்லை.

அப்புறம் லெவிக் கணக்கு, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு நீங்கள் மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் பணம். போதுமான அனுபவமுள்ள ஒருவன் இரண்டாவது தொழிலிலும் டெஸ்ட் பாஸ் செய்து உயர்திறன் ஆளாக மாறினால், 2024 ஜனவரியிலிருந்து நீங்கள் அவனுக்குக் கட்டுவது மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்ல, 500 வெள்ளி. வருடத்துக்கு 4,800 வெள்ளி மிச்சம், அதுவும் ஒரு ஆளுக்கு. நானும் அப்படி மாறியவன்தான். ராத்திரி ராத்திரியாகப் படித்து, டெஸ்ட் ஃபீஸும் நானே கட்டினேன். எனக்கு ஏறியது நாளைக்கு இரண்டு வெள்ளி. படித்தவன் நான், லாபம் உங்களுக்கு என்றால் ஃபீஸையாவது நீங்கள் கட்டக்கூடாதா?

கேள்வித்தாளில் இருக்கும் தமிழை உங்களால் மாற்ற முடியாது, அதை அமைச்சுதான் பார்க்க வேண்டும். ஆனால் எந்தக் கிழமை அனுப்புவது, யார் காசில் அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆபீஸில் ஷெட்யூல் போடுகிற அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த மாதம் எங்கள் சைட்டில் ஆறு பேருக்குச் சேஃப்டி கோர்ஸ் பாஸ் காலாவதியாகிறது. தயவுசெய்து அவர்களை ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்க வேண்டும், தேக்கா (லிட்டில் இந்தியா) போய் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளையோடு வீடியோவில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டைல்ஸ்காரன்